பழைய அமெரிக்க வெள்ளி அரை டாலர்: அசலா போலியா, எந்த வரிசையில் சோதிப்பது?

மாதம் ஒருமுறையாவது யாராவது வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பி, "அண்ணா, இது ஒரிஜினலா பாருங்களேன்" என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் தலைப்பக்கம் மட்டும்தான் இருக்கும். பூப்பக்கத்தையும் அனுப்புபவர்கள் பாதிப்பேர். விளிம்பை இதுவரை யாருமே தாமாக அனுப்பியதில்லை. 1836-க்கு முந்தைய அமெரிக்க வெள்ளி நாணயத்தில் போலி முதலில் மாட்டிக்கொள்வது விளிம்பில்தான். அதனால் இந்த வழிகாட்டியில் சோதனைகளைவிட அவற்றின் வரிசைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

## 1. கையில் இருக்க வேண்டியவை

0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, அதைச் சரிபார்க்க ஓர் எடைக்கல், 10 மடங்கு பெருக்கும் லென்ஸ், வலுவான நியோடிமியம் காந்தம், பிளாஸ்டிக் வெர்னியர் காலிப்பர், ஒரு கண்ணாடி டம்ளர், மெல்லிய தையல் நூல். இவ்வளவு போதும்.

வெர்னியர் பிளாஸ்டிக்காக இருக்கட்டும் என்பதற்குக் காரணம் உண்டு. இரும்பு வெர்னியரின் தாடை விளிம்பில் ஒரு கோடு போட்டுவிட்டால் அது போகவே போகாது.

விளக்கு ஒன்றே ஒன்று, பக்கவாட்டிலிருந்து வரும்படி வையுங்கள். கூரையில் நாலு டியூப்லைட் எரியும் அறையில் எல்லா நாணயமும் அழகாகத்தான் தெரியும்.

உரைகல்லும் அமிலமும் வேண்டாம். நகைக்கடையில் உரசிப் பார்க்கும் பழக்கம் நமக்கு ரத்தத்திலேயே இருக்கிறது. நகைக்கு அது சரி. இங்கே உரசிய இடம் நிரந்தரத் தழும்பு. நாணயத்தின் மதிப்பு அந்த நொடியே சரியும். தரையில் போட்டு 'டங்' என்ற சத்தம் கேட்பதும் அப்படித்தான்.

## 2. எந்த நாணயத்தில் தொடங்குவது

டாலரில் தொடங்காதீர்கள். 1794 முதல் 1804 வரையிலான டாலர்கள்தான் உலகிலேயே அதிகம் போலி செய்யப்படும் அமெரிக்க நாணயங்களில் சேர்ந்தவை. அசலின் விலையோ கற்றுக்கொள்பவர் தாங்கும் விலை அல்ல.

"தாத்தா பெட்டியில் 1804 டாலர் இருந்தது" என்று வரும் படங்களுக்கு ஒரே பதில்தான். 1804 தேதியிட்ட அசல் டாலர்கள் மொத்தமே 16 தான் அறியப்பட்டிருக்கின்றன, அவையும் 1834-லும் அதற்குப் பிறகும் அடிக்கப்பட்டவை. எது யாரிடம் போனது என்ற வரலாறு ஒவ்வொன்றுக்கும் உண்டு.

தொடங்க வேண்டியது 1807 முதல் 1836 வரை பிலடெல்பியாவில் அடிக்கப்பட்ட, விளிம்பில் எழுத்துள்ள அரை டாலர். ஜான் ரைக் வடிவமைத்தது. தொப்பியணிந்த லிபர்ட்டியின் (சுதந்திரத்தைப் பெண்ணாக உருவகித்த உருவம்) தலை இடப்பக்கம் பார்க்கும். டாலர் அடிப்பது நின்றுபோன காலத்தில் வங்கிகள் இருப்பு வைத்தது இந்த அரை டாலரைத்தான். நிறைய அடித்தார்கள், மூட்டையிலேயே பல காலம் கிடந்தன. அதனால்தான் இருநூறு வருடத்துக்குப் பிறகும் நல்ல நிலையில், ஓரளவு எட்டும் விலையில் கிடைக்கின்றன. 1820-களின் பிற்பகுதியும் 1830-களும் எளிது. 1815 அரிது, முதல் நாணயமாக அது வேண்டாம்.

தேதியை வைத்தே சிலவற்றைத் தள்ளிவிடலாம். 1816 தேதியில் அரை டாலர் கிடையாது. 1815 அசல் எல்லாமே 1812 அச்சின் மேல் 5 குத்தியவை. லென்ஸில் 5-க்கு அடியில் 2-இன் மிச்சம் தெரியும். 1838-க்கு முன் கிளை நாணயச்சாலைகள் இல்லாததால், இந்த வகையில் நாணயச்சாலைக் குறியெழுத்து எங்கேயும் இருக்கக்கூடாது.

## 3. தொடும் முறை

இரண்டு விரலால் விளிம்பில் பிடியுங்கள். கீழே மடித்த துணி இருக்கட்டும். இதை எல்லோரும் சொல்வார்கள், ஆனால் செய்யக்கூடாத இன்னொன்று இருக்கிறது: துடைக்காதீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, ஏலத்தில் எடுத்த 1829 அரை டாலரை வீட்டுக்கு வந்ததும் விபூதி போட்டுத் தேய்த்துவிட்டார். பூஜை வெள்ளியெல்லாம் அப்படித்தானே பளபளக்கிறது என்று நினைத்திருக்கிறார். சாம்பல்நீலமும் லேசான பொன்னிறமுமாக இருந்த மேற்பரப்பு, எவர்சில்வர் கிண்ணம் போல ஆகிவிட்டது. லென்ஸ் வைத்தால் ஆயிரம் மெல்லிய கீறல்கள் ஒரே திசையில். வாங்கிய விலையில் பாதிகூடத் திரும்ப வரவில்லை.

அந்தக் கறுப்பு அழுக்கல்ல. வெள்ளியும் காற்றிலுள்ள கந்தகமும் சேர்ந்து காலப்போக்கில் உண்டான மெல்லிய படலம் அது. சோதனைக்கும் அது தேவைப்படும்: படலம் எப்படிப் படிந்திருக்கிறது என்பதை வைத்துப் பல கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம்.

## 4. முதலில் விளிம்பு

இங்கே நிதானமாக நில்லுங்கள். முகத்தைப் பார்த்து மயங்கும் முன் விளிம்பைச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும். முகம் பிடித்துப்போனபின் மனசு குறைகளுக்கெல்லாம் சமாதானம் தேடும்.

விளிம்பில் உள்ளழுந்திய எழுத்துகளில் "ஃபிஃப்டி சென்ட்ஸ் ஆர் ஹாஃப் எ டாலர்" என்று இருக்க வேண்டும். 1830-களின் நாணயங்களில் சொற்களுக்கு இடையே செங்குத்துக் கோடுகளும் இருக்கும். நம் பழைய ரூபாய் நாணயம் போலப் பல்வரி மட்டும் இருந்தால் அது இந்த வகையில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு: 1836 இறுதியில் நீராவி அச்சில் பல்வரி விளிம்போடு கொஞ்சம் அடித்தார்கள். அதில் பூப்பக்கத்தில் "50 சி" என்பதற்குப் பதில் "50 சென்ட்ஸ்" என்று முழுதாக இருக்கும். அது அரிது, விலையும் அதிகம்.

நான் ஏமாந்ததும் விளிம்பில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 1799 டாலர் ஒன்று வாங்கினேன். கறுத்துப்போய், தேய்ந்து, 'இதோ இருநூறு வருடம்' என்று சொல்வது போல இருந்தது. வீட்டுக்கு வந்து திருப்பினால் சுற்றிலும் பல்வரி. அசல் டாலரில் அங்கே "ஹன்ட்ரட் சென்ட்ஸ் ஒன் டாலர் ஆர் யூனிட்" என்று இருந்திருக்க வேண்டும். தராசில் 22 கிராம் சொச்சம் காட்டியது, அசல் 26.96. இரண்டையும் கடைக்காரர் முன்னாலேயே பார்த்திருக்கலாம். அந்த டாலர் இன்னும் என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க உதவுகிறது.

எழுத்து இருந்தால் மட்டும் போதாது, எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நாணயத்தை அடிக்கும் முன்பே வெற்றுத் தகட்டை இரண்டு எஃகுப் பட்டைகளுக்கு நடுவே உருட்டி விளிம்பெழுத்தைப் பதித்தார்கள். பிறகுதான் அச்சுக்குள் போகும். அதனால் அசலில் சில எழுத்து ஆழமாகவும் சில மங்கலாகவும், சில இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் இருக்கும். அடிக்கும் அழுத்தத்தில் எழுத்து கொஞ்சம் நசுங்கியும் இருக்கும். புதியவர்கள் இந்தக் குளறுபடியைப் பார்த்துப் போலி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில், பிசிறில்லாமல் இருக்கும் எழுத்துதான் எனக்குச் சந்தேகம் தரும்.

இன்னொரு நுணுக்கம். உருட்டிய தகட்டை எந்தக் கோணத்தில் அச்சில் வைத்தார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. 'ஃபிஃப்டி' ஒரு நாணயத்தில் நெற்றிக்கு மேலே தொடங்கும், அடுத்ததில் தேதிக்குக் கீழே. ஒரே விற்பனையாளரிடம் இரண்டு நாணயத்தில் ஒரே இடத்தில் தொடங்கினால் கைப்பையை மூடிக்கொண்டு கிளம்பலாம்.

விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஓடினால் வார்ப்பு. இரண்டு பாதியை ஒட்டிய தடம் அது. அதை அரத்தால் ராவி மறைத்திருந்தாலும் ராவிய இடத்தில் எழுத்து ஆழம் குறைந்திருக்கும்.

## 5. எடையும் விட்டமும்

1837 ஜனவரி வரை அமெரிக்க வெள்ளியின் மாற்று 1000-க்கு 892.4. அந்தக் கணக்கில் எடைகள்: டாலர் 26.96 கிராம், அரை டாலர் 13.48, கால் டாலர் 6.74, டைம் (10 சென்ட்) 2.70, அரை டைம் (5 சென்ட்) 1.35. பிறகு மாற்று 900 ஆனது. அரை டாலர் 13.36-க்கு இறங்கியது. 1853-இல் இன்னும் குறைந்து 12.44. பழைய தேதியும் புதிய எடையும் சேர்ந்து வந்தால் கவனம் வேண்டும்.

தராசை எடைக்கல்லால் சரிபார்த்துவிட்டு மூன்று முறை எடை போடுங்கள். மிதமாகத் தேய்ந்த அரை டாலர் 13.2 முதல் 13.45 வரை நிற்கும் என்பது என் அனுபவம். 13-க்குக் கீழே போனால் அதற்குத் தகுந்த தேய்மானம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கூடுதல் எடைதான் இன்னும் மோசம். இருநூறு வருடம் புழங்கியது 13.7 காட்டினால் அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது?

விட்டம் ஏறக்குறைய 32.5 மி.மீ. நாணயத்தைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் வளையம் இல்லாமல் அடித்ததால் கால், அரை மில்லிமீட்டர் முன்பின் இருக்கும். கரை ஒரு பக்கம் அகலமாக, மறுபக்கம் குறுகலாக இருப்பதும் சகஜம். அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

காந்தத்தில் ஒட்டினால் கதை முடிந்தது. ஒட்டாவிட்டால் எதுவும் நிரூபணமாகவில்லை. சாய்த்த நாணயத்தின்மேல் காந்தத்தை விட்டால் வெள்ளியில் அது தயங்கித் தயங்கி இறங்கும். ஆனால் செம்பிலும் கிட்டத்தட்ட அப்படியேதான் இறங்கும். 'காந்தம் ஒட்டல, அப்போ வெள்ளிதான்' என்பது நான் அதிகம் கேட்கும் தவறு.

## 6. தண்ணீரில் தொங்கவிட்டு அடர்த்தி

எடையைப் பொய்யாக்கலாம், தடிமனைக் கூட்டினால் போதும். எடையையும் அடர்த்தியையும் விட்டத்தையும் சேர்த்துப் பொய்யாக்குவது கடினம்.

தராசின் மேல் பாதித் தண்ணீர் நிரப்பிய டம்ளரை வைத்து அளவைச் சுழியாக்குங்கள். நூலில் கட்டிய நாணயத்தை முழுக்க மூழ்கும்படி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண் இடம்பெயர்ந்த தண்ணீரின் எடை. வெளியில் போட்ட எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்.

என்னிடம் உள்ள 1826 அரை டாலரின் கணக்கு இது: வெளியில் 13.31 கிராம், தண்ணீரில் 1.29. வகுத்தால் 10.32. பழைய மாற்று வெள்ளிக்கு 10.3 வர வேண்டும், சரி. இதே எடையில் செம்பு-நிக்கல் போலியாக இருந்திருந்தால் தண்ணீரில் 1.50 அளவில் காட்டி, அடர்த்தி 8.9 பக்கம் விழுந்திருக்கும்.

தவறு நடக்கும் இடம் காற்றுக்குமிழி. எழுத்துகளுக்கு இடையில் ஒட்டிக்கொண்ட ஒரு குமிழி அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். நாணயத்தை ஒருமுறை மூழ்க்கி, மெதுவாக ஆட்டிவிட்டுப் பிறகு அளவெடுங்கள். வாலைவடிநீர் நல்லது. முடிந்ததும் டிஷ்யூவில் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

டைம், அரை டைம் போன்ற பொடி நாணயங்களுக்கு இந்தத் தராசு போதாது. அரை டைமில் அசலுக்கும் போலிக்கும் வித்தியாசம் 0.02 கிராம்தான். நூலின் நடுக்கமே அதைத் தின்றுவிடும்.

## 7. லென்ஸில் மேற்பரப்பு

இதுவரை தேறியது வெள்ளி என்று தெரிந்துவிட்டது. ஆனால் இன்று நல்ல போலிகள் சரியான வெள்ளியிலேயே வருகின்றன. அதனால்தான் லென்ஸ்.

வார்ப்பில் எழுத்தின் ஓரம் மழுங்கி, சோப்பு கரைந்தது போல இருக்கும். சமதளத்தில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். அசலில் எழுத்தின் சுவர் செங்குத்தாக எழும். உலோகம் மையத்திலிருந்து கரைக்கு ஓடிய மெல்லிய கோடுகள் தெரியும்.

அசல் நாணயத்திலிருந்தே அச்சு எடுத்து அடித்த போலிதான் ஆபத்தானது. அசலில் இருந்த வெட்டும் கீறலும் அச்சில் ஏறி, அடித்த ஒவ்வொரு போலியிலும் அதே இடத்தில் வரும். அந்த ஆண்டின் விற்பனைப் படங்களைத் தேடி வைத்து ஒப்பிடுங்கள். கன்னத்தில் அதே கோணத்தில் அதே வெட்டு இரண்டு நாணயத்தில் இருந்தால், ஒன்றாவது பொய். இப்படி நகலான வெட்டின் உள்தரை, சுற்றியுள்ள தளத்தைப் போலவே இருக்கும். உண்மையான வெட்டில் உலோகம் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும்.

தேய்மானமும் மேற்பரப்பும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். கூந்தல் தேய்ந்திருக்கிறது, ஆனால் தளம் புத்தம்புது போல மணல்மணலாக மின்னுகிறது என்றால், தேய்ந்தது அச்சுக்கு மூலமாக இருந்த நாணயம், கையில் இருப்பதல்ல.

இங்கே புதியவர்கள் எதிர்த்திசையில் தவறுவதும் உண்டு. கழுகின் தலைக்கு மேலுள்ள சுருள் பட்டையில் "ஈ ப்ளூரிபஸ் யூனம்" என்ற லத்தீன் வாசகம் பாதி அழிந்தது போல இருக்கும். அதன் நேர் பின்னால் தலைப்பக்கத்தில் தோள் கொக்கியும் மங்கலாக இருக்கும். அது தேய்மானம் இல்லை. இரண்டு பக்கமும் மேடான இடங்கள் எதிரெதிரே அமைந்ததால் உலோகம் இரண்டையும் நிரப்பவில்லை. மற்ற இடமெல்லாம் கூர்மையாக இருந்தால் இது அடிப்பில் வந்த குறை. அச்சு வெடித்த மேட்டுக்கோடுகளும், அச்சும் அச்சும் மோதிய நிழல்களும் இந்த வகையில் சர்வசாதாரணம்.

## 8. அச்சு எண்ணைக் கண்டுபிடித்தல்

எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் பிடித்த வேலை இது. தலையையும் கழுகையும் ஒரே முத்திரையால் அச்சில் இறக்கினார்கள். நட்சத்திரம், தேதியின் எண்கள், எழுத்துகளை ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குத்தினார். அதனால் எந்த இரண்டு அச்சும் ஒன்றுபோல இராது. எந்தத் தலை அச்சு எந்தப் பூ அச்சோடு சேர்ந்தது என்று 1794 முதல் 1836 வரை பட்டியலிட்டவர் அல் ஓவர்ட்டன். விற்பனைச் சீட்டில் 'ஓ-105' என்று இருந்தால் அது ஓவர்ட்டன் எண். டாலருக்கு 'பிபி', டைமுக்கு 'ஜேஆர்', அரை டைமுக்கு 'எல்எம்' என்று வேறு வரிசைகள் உண்டு.

பூப்பக்கத்தில் தொடங்குங்கள். சுருள் பட்டையின் எந்த எழுத்து வெளிவட்டத்தின் எந்த எழுத்துக்கு நேர் கீழே வருகிறது? கேடயத்தின் செங்குத்துக் கோடுகள் மேலே கிடைக்கோட்டுக்குள் நீளுகின்றனவா? "50 சி"-யில் 5-உம் 0-வும் ஒரே மட்டமா? பிறகு தலைப்பக்கம்: முதல் நட்சத்திரம் எங்கே நிற்கிறது, தேதியின் எண்களுக்கு இடையே இடைவெளி எப்படி? இடப்பக்கம் ஏழு நட்சத்திரம், வலப்பக்கம் ஆறு இருக்க வேண்டும் என்பதையும் எண்ணிவிடுங்கள்.

இரண்டு பக்கமும் ஒரே எண்ணில் பொருந்தினால் பெரிய நிம்மதி. பூப்பக்கம் 1830-க்கு உரியது, தலைப்பக்கம் 1812 என்றால், கண்டுபிடிப்பு என்று துள்ளாதீர்கள். போலி செய்தவர் ஒரே பூ அச்சை எல்லாத் தேதிக்கும் பயன்படுத்தியிருப்பார்.

எதிலும் பொருந்தாமல், எழுத்து கோணலாக, கழுகு கோழி மாதிரி இருந்தால் அது அந்தக் காலத்திலேயே கடைவீதியில் தள்ளிவிடச் செய்த போலியாகவும் இருக்கலாம். ஜெர்மன் சில்வரில் (பெயரில் மட்டும் வெள்ளி; செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) நிறைய செய்தார்கள். அவற்றையே தனியாகச் சேர்ப்பவர்கள் உண்டு, எறிந்துவிடாதீர்கள். போலி என்று சொல்லித்தான் விற்க வேண்டும்.

## 9. அசல்தான், ஆனால் சீர்குலைந்ததா?

நான் பார்த்தவரை, புதியவர்களின் பணம் போலியில் போவதைவிட இங்கேதான் அதிகம் போகிறது.

விளக்கின் கீழே நாணயத்தைச் சாய்த்துச் சுழற்றுங்கள். தேயாத நாணயத்தில் ஒளி சக்கரத்தின் ஆரம் போலச் சுழலும். தேய்த்துக் கழுவியதில் ஒளி அசையாமல் தட்டையாக நிற்கும், அல்லது ஒரே திசைக் கீறல்களில் சிதறும். மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே வெண்மை என்றால் ரசாயனத்தில் முக்கியிருக்கிறார்கள்.

தொப்பிக்கு மேலே, தேதிக்குக் கீழே இந்த இரண்டு இடத்தையும் தனியாகப் பாருங்கள். பதக்கமாகத் தொங்கவிட்ட நாணயத்தில் துளை அங்கேதான் இருந்திருக்கும். அடைத்திருந்தால் நிறம் ஒரு வட்டமாக மாறும், கரையோரத்தைச் சுற்றியுள்ள சின்னப் பற்கள் கையால் செதுக்கியது போலத் தெரியும். இதை விளிம்பிலும் உறுதி செய்யலாம். அங்கே ஓர் எழுத்து காணாமல் போயிருக்கும்.

## 10. பெட்டியில் வந்த நாணயம்

பி.சி.ஜி.எஸ், என்.ஜி.சி போன்ற நிறுவனங்கள் நாணயத்தைச் சோதித்து, 1 முதல் 70 வரை தரம் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருகின்றன. சீர்குலைந்தவற்றுக்கு எண் இல்லாமல் 'டீட்டெய்ல்ஸ்' என்று போடுவார்கள். பெட்டிக்குள் இருந்தால் எடை போட முடியாது, எனவே வேறு வழி.

சீட்டிலுள்ள எண்ணை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் தட்டுங்கள். எண் சரியாக இருந்தால் நின்றுவிடாதீர்கள்; போலிப் பெட்டி செய்பவர்கள் உண்மையான எண்ணைத்தான் நகலெடுக்கிறார்கள். அங்கே படம் இருந்தால் கையிலுள்ள நாணயத்தின் கறையும் கீறலும் படத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். கறையை நகலெடுக்க யாராலும் எளிதில் முடியாது.

உங்கள் முதல் இரண்டு மூன்று நாணயங்களைப் பெட்டியோடு வாங்குவதே நல்லது. கண் பழக அவைதான் பாடம். பெட்டியில்லாமல் வாங்கினால், திரும்ப எடுத்துக்கொள்ளும் நிபந்தனையை எழுத்தில் கேளுங்கள். "அசல் என்று உத்தரவாதம் இல்லை" என்ற வரியோடு மலிவாக வருவதை விட்டுவிடுங்கள்.

## 11. எழுதி வைத்துப் பாதுகாத்தல்

மெத்தென்று மடியும் பி.வி.சி உறை வேண்டாம். சில வருடத்தில் பச்சையாகப் பிசுபிசுக்கும். அப்படி ஆனால் கலப்பில்லாத அசிட்டோனில் ஊறவிட்டு எடுக்கலாம். அது வெள்ளியைத் தொடாது. காற்றோட்டமான இடத்தில், அடுப்பிலிருந்து தள்ளி நின்று செய்யுங்கள். ரப்பர் பேண்டும் பழுப்பேறிய அட்டையும் பக்கத்திலேயே இருக்கக்கூடாது, இரண்டிலும் கந்தகம் கசியும்.

மைலார் (பி.வி.சி இல்லாத தெளிந்த பிளாஸ்டிக் தாள்) சன்னல் வைத்த அட்டைச் சட்டம் மலிவு, நல்லது. தேதி, ஓவர்ட்டன் எண், எடை, அடர்த்தி, வாங்கிய நாள், விலை இவ்வளவையும் நாணயத்தை உள்ளே வைக்கும் முன்பே அட்டையில் எழுதிவிடுங்கள். வைத்தபின் எழுதினால் பேனா முனை அழுந்தும். ஸ்டேப்ளர் ஊசியின் முனைகளைக் குறடால் தட்டையாக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துச் சட்டத்தின் சன்னலைக் கிழிக்கும். வெளியே எடுக்கும்போது ஊசியைப் பிடுங்காமல் அட்டையின் ஓரத்தைக் கத்தரியால் வெட்டுங்கள். நான் பிடுங்கித்தான் என் 1826-இன் கன்னத்தில் ஒரு கோடு விழுந்தது.